போருக்குப் போனார்... தாளில் மட்டும் போகவில்லை!

அமெரிக்க ராணுவத்திலிருந்து விடைபெறும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். 'டிடி 214' என்று அதற்குப் பெயர். 1950-ல் புழக்கத்துக்கு வந்த படிவம். எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது வெளியே வந்தார், என்ன வேலை பார்த்தார், எத்தனை மாதம் வெளிநாட்டில் இருந்தார், என்னென்ன பதக்கம் வாங்கினார் என்பதெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில் அடங்கியிருக்கும்.

அதைக் கையில் வாங்கும்போது பையனுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யார் கட்டம் கட்டமாகப் படிக்கிறார்கள்? மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பேருந்து பிடிக்கப் போய்விடுவான். ஐம்பது வருடம் கழித்து, சர்க்கரையோ புற்றுநோயோ வந்து சிகிச்சைக்காக அலையும்போதுதான் அந்தத் தாள் வெளியே வரும். அப்போதுதான் தெரியும், வியட்நாமில் கழித்த மாதங்கள் அதில் இல்லை, சட்டையில் குத்திவிட்ட பதக்கமும் இல்லை என்று.

போனது உண்மை. ஆனால், அரசாங்கத்தின் கணக்கில் அவர் போகவே இல்லை. இப்படி ஒரு நிலையில் மாட்டிக்கொண்ட முதியவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். அந்த ஒரு வரியைச் சேர்க்க அவர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் படும் பாடு, காகிதத்துக்கும் மனிதனுக்கும் நடக்கும் ஒரு நீண்ட வழக்கு.

இந்தத் தாள் எதற்கெல்லாம் வேண்டும்?

முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையின் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இதைத்தான். முன்பணம் கட்டாமல் வீட்டுக் கடன் வாங்க, கல்வி உதவி பெற, மருத்துவமனையில் பெயர் பதிய, பணியால் வந்த நோய்க்கு மாத உதவித்தொகை கேட்க, எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. பணியால் வந்த நோயால் கணவர் இறந்துவிட்டால் மனைவிக்கு மாதாமாதம் ஒரு தொகை கிடைக்கும். அதற்கும் இந்தத் தாள் பேச வேண்டும்.

கடைசிப் பயணத்துக்கும் அது தேவை. தேசியக் கல்லறையில் இடம், கல், அடக்கச் செலவு எல்லாம் இலவசம். மனைவிக்கும் பக்கத்திலேயே இடம் உண்டு. குடும்பம் கேட்டால், சீருடை அணிந்த வீரர்கள் குறைந்தது இரண்டு பேர் வந்து, கொடியை முக்கோணமாக மடித்துக் குடும்பத்திடம் கொடுத்து, எக்காளம் ஊதி வழியனுப்ப வேண்டும் என்று 2000-ம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது. கல்லறைக் கல்லில் எந்தப் போரில் இருந்தார், என்ன பதக்கம் பெற்றார் என்று பொறிக்கலாம். ஆனால் ஆவணத்தில் இருப்பதைத்தான் பொறிப்பார்கள். தாளில் விடுபட்டது கல்லிலும் விடுபடும்.

தப்பு எப்படி நுழைகிறது?

வியட்நாம் காலத்தை எடுத்துக்கொள்வோம். போர்முனையிலிருந்து விமானத்தில் கலிஃபோர்னியா வந்து இறங்குவார்கள். பணிக்காலம் முடியும் தறுவாயில் இருப்பவர்களை ஓரிரு நாளில் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வரிசையில் நூற்றுக்கணக்கான பேர். ஒரு எழுத்தர், ஒரு தட்டச்சு இயந்திரம், நடுவில் கார்பன் தாள். பக்கத்தில் இருக்கும் கோப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் தட்டுவார். பதக்கத்துக்கான உத்தரவு இன்னும் தபாலில் வந்துகொண்டிருந்தால் அது தாளில் ஏறாது. பையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் உத்தரவு வந்து கோப்பில் படுத்துக்கொள்ளும்.

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. ஒகினாவாவிலோ பிலிப்பைன்ஸிலோ பணியில் இருப்பவரைச் சில வாரத் தற்காலிக வேலைக்கு வியட்நாமுக்கு அனுப்புவார்கள். சம்பளப் பட்டியலும் கோப்பும் பழைய முகாமிலேயே இருக்கும். திரும்பி வந்துவிடுவார். அந்தச் சில வாரங்கள் எந்தக் கட்டத்திலும் ஏறாமல் போய்விடும்.

வெளிநாட்டுப் பணி என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்தாலும் சிக்கல் தீராது. பல தாள்களில் 'பசிபிக் பகுதி ராணுவம்' என்பதற்கான சுருக்கெழுத்து மட்டும் இருக்கும். பசிபிக் என்றால் வியட்நாமா, கொரியாவா, ஒகினாவாவா? தட்டியவருக்கு அன்று தெரிந்திருக்கும். இன்று படிப்பவருக்குத் தெரியாது.

லாவோஸில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே அமெரிக்கப் படை சண்டையிடவே இல்லை என்று அரசே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. இல்லாத போருக்கு எந்த எழுத்தர் பதிவு எழுதுவார்? எல்லை தாண்டிய ரகசிய வேலைகளைச் செய்த சிறப்புப் படைப் பிரிவு ஒன்றுக்குக் குடியரசுத் தலைவரின் பிரிவுப் பாராட்டு கிடைத்தது 2001-ல்தான்.

ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

காடுகளின் இலைகளை உதிர்த்து எதிரியின் மறைவிடத்தை அழிக்க வேண்டும் என்று 1962 முதல் 1971 வரை வியட்நாமின் மேல் அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லியைப் பொழிந்தன. அவற்றில் பெயர் பெற்றது 'ஏஜென்ட் ஆரஞ்ச்'. பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை இருந்ததால் அந்தப் பெயர். அதில் கலந்திருந்த டையாக்சின் கொடிய நஞ்சு. அந்த மண்ணிலேயே வாழ்ந்த வியட்நாம் மக்கள் தலைமுறை தாண்டி அதன் விளைவைச் சுமக்கிறார்கள். அந்த மண்ணில் நடந்த அமெரிக்க வீரர்களையும் அது விடவில்லை.

நாற்பது வருடம் கழித்து ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்தால், அது அந்த நஞ்சால் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? முடியாத காரியம். அதனால்தான் 1991-ல் ஒரு சட்டம் வந்தது. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையிலான காலத்தில் வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தால் போதும். பட்டியலில் உள்ள நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், புராஸ்டேட் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய், பார்க்கின்சன், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதய நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2022-ல் வந்த சட்டம் ரத்தக்கொதிப்பையும் சேர்த்தது. தாய்லாந்து முகாம்களில் இருந்தவர்களுக்கும், லாவோஸ், கம்போடியா, குவாம் போன்ற இடங்களில் குறிப்பிட்ட காலத்தில் இருந்தவர்களுக்கும் அதே சட்டம் கதவைத் திறந்தது. கரையோரக் கடலில் கப்பலில் இருந்தவர்களுக்கு அதற்கு முன்பே, 2019-ல் தனிச் சட்டம் வந்திருந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். 'வியட்நாமில் இருந்தார்' என்ற வரி தாளில் இருந்தால், நோய்க்கும் போருக்கும் உள்ள தொடர்பை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வரி இல்லாவிட்டால், முதலில் வியட்நாமுக்குப் போனதையே நிரூபிக்க வேண்டும். ஒரே படைப்பிரிவில் ஒரே கூடாரத்தில் படுத்திருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மாதாமாதம் பணம் வரும்; இன்னொருவருக்கு மறுப்புக் கடிதம் வரும்.

பதக்கமும் வெறும் அலங்காரம் இல்லை. போரில் காயம்பட்டவருக்குத் தரும் 'பர்ப்பிள் ஹார்ட்', நேரடிச் சண்டையில் இருந்த காலாட்படை வீரருக்குத் தரும் சின்னம் இரண்டும் 'இவர் சண்டையில் இருந்தார்' என்பதற்கு ஆதாரம். சண்டையில் இருந்தவர் என்று உறுதியானால், குண்டு வெடித்துக் காது போனது, மனம் உடைந்தது போன்றவற்றை அவர் தன் வாயால் சொல்வதையே சாட்சியமாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. குண்டு விழும் நேரத்தில் யாரும் மருத்துவச் சீட்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்ற நியாயம்தான் அதற்குக் காரணம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'வியட்நாம் பணிப் பதக்கம்' இருந்தால் வியட்நாமில் இருந்ததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாய்லாந்திலிருந்தும் சுற்றியுள்ள கடலிலிருந்தும் போருக்கு உதவியவர்களுக்கும் அதே பதக்கம்தான். எனவே பதக்கம் ஒன்றை மட்டும் காட்டினால் போதாது. இடமும் தேதியும் தனியாக வேண்டும்.

வீட்டுக்குப் போனபின் வந்த பதக்கங்கள்

சில பதக்கங்கள் தாளில் இல்லாததற்கு யாருடைய தவறும் காரணமில்லை. தாள் தட்டப்பட்ட நாளில் அந்தப் பதக்கமே பிறந்திருக்கவில்லை!

இரண்டாம் உலகப் போரில் காலாட்படைச் சண்டைச் சின்னம் பெற்றவர்களுக்கு 'பிரான்ஸ் ஸ்டார்' பதக்கமும் உண்டு என்று 1947-ல் முடிவு செய்தார்கள். அதற்குள் பெரும்பாலோர் வயலுக்கும் ஆலைக்கும் திரும்பிவிட்டார்கள். தமக்கு அப்படி ஒன்று சேர வேண்டும் என்பதே தெரியாமல் கண்ணை மூடியவர்கள் ஏராளம். போர்க் கைதியாக இருந்தவர்களுக்கான பதக்கம் 1985-ல் உருவானது; முதல் உலகப் போர்க் காலம் வரை பின்னோக்கிச் செல்லும்படி செய்தார்கள். கொரியப் போரில் இருந்தவர்களுக்குத் தென்கொரிய அரசு 1951-லேயே ஒரு பதக்கம் தர முன்வந்தது; அமெரிக்க அரசு அதை ஏற்றுக்கொண்டது 1999-ல். வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் தென்வியட்நாம் அரசின் வீரச் சிலுவைப் பாராட்டு உண்டு என்ற பொது உத்தரவு வந்தது 1974-ல். அதற்கு முந்தைய ஆண்டே படைகள் திரும்பிவிட்டன.

இத்தகைய விடுபடல்களைத் திருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. எந்தப் பிரிவில், எந்தத் தேதியில் இருந்தார் என்பது கோப்பில் இருந்தால் போதும்.

கோப்பு இருந்தால்... என்பதுதான் சிக்கல்.

நான்கு நாள் எரிந்த நினைவுகள்

1973 ஜூலை 12. மிசோரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லேண்டில், தேசிய ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. கட்டுக்குள் கொண்டுவரவே 22 மணி நேரம் ஆனது. முழுக்க அணைய நான்கு நாட்கள். எரிந்துபோன கோப்புகள் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரை. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 முதல் 1963 வரை வெளியேறியவர்களில், ஆங்கில அகர வரிசைப்படி ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பிறகு வருபவர்களின் கோப்புகளில் 75 சதவீதம் போயிற்று. பெயரின் முதல் எழுத்து ஒருவரின் விதியைத் தீர்மானித்தது என்றால் அது இங்கேதான். கடற்படைக் கோப்புகள் தப்பின.

நகல் கிடையாது. நுண்படச் சுருள் கிடையாது. என்னென்ன இருந்தன என்ற பட்டியல்கூடக் கிடையாது.

தீயில் தப்பியதைத் தண்ணீர் நனைத்துவிட்டது. ஈரக் கோப்புகளில் பூஞ்சை படர ஆரம்பித்தது. அவற்றைக் காய வைக்க எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? அருகிலிருந்த மெக்டொனல் டக்ளஸ் விமான நிறுவனத்தின் வெற்றிட அறைக்கு. விண்வெளிப் பயணத்துக்கான சோதனைகள் நடந்த இடம் அது. பிளாஸ்டிக் பால் கூடைகளில் ஈரக் கோப்புகளை அடுக்கி, காற்றை உறிஞ்சி, ஈரத்தை இழுத்தார்கள். சுமார் 65 லட்சம் கோப்புகள் இப்படி மீண்டன. ஓரம் கருகிய அந்தத் தாள்களைத் தனி அறையில் குளிரிலும் வறட்சியிலும் வைத்து இன்றும் பாதுகாக்கிறார்கள். யாராவது கேட்டால், கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்துப் பதில் அனுப்புகிறார்கள்.

எரிந்துபோனதை வேறு இடத்திலிருந்து திரட்டும் வேலையும் நடக்கிறது. கடைசிச் சம்பளப் பட்டியல், மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு, ஒவ்வொரு காலையும் படைப்பிரிவில் யார் வந்தார், யார் போனார், யார் காயம்பட்டார் என்று எழுதிய காலை அறிக்கை இவற்றைச் சேர்த்து ஒரு மனிதரின் பணிக்காலத்தை மறுபடி கட்டுகிறார்கள்.

திருத்துவது எப்படி?

முதல் படி, சண்டை போடுவதல்ல, கேட்பது. செயின்ட் லூயிஸ் காப்பகத்துக்கு விண்ணப்பித்து முழுக் கோப்பின் நகலையும் வாங்க வேண்டும். டிடி 214 மட்டும் போதாது. முன்னாள் வீரருக்கு இது இலவசம். அவர் இறந்திருந்தால், மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கேட்கலாம். இறப்புக்கான சான்றை இணைக்க வேண்டும்.

கோப்பு வந்ததும் விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட வேண்டும். வியட்நாம் காலத் தரைப்படை வீரர் என்றால், அவருடைய 'டிஏ 20' என்ற பழுப்பேறிய அட்டைதான் பொக்கிஷம். அதில் 31-வது கட்டத்தில் வெளிநாட்டுப் பணி, 38-ல் எந்தெந்தத் தேதியில் எந்தப் பிரிவு, 41-ல் பதக்கங்கள் கையால் எழுதியிருக்கும். தட்டச்சில் விடுபட்டது பல நேரம் இங்கே இருக்கும்.

அப்படிக் கோப்பிலேயே ஆதாரம் இருந்துவிட்டால் வேலை சுலபம். அந்தப் படையின் பணியாளர் அலுவலகமே திருத்திவிடும். பழைய தாளை அழித்து எழுதமாட்டார்கள். 'டிடி 215' என்று திருத்தத் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். விடுபட்ட பதக்கத்தையும் வாங்கிக்கொள்ளலாம், வீரருக்கு இலவசம்.

கோப்பில் ஆதாரம் இல்லையென்றால் அடுத்த படி, ஆவணத் திருத்த வாரியம். 1946-க்கு முன் இப்படி ஒரு தவறைத் திருத்த வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அந்த ஒருவருக்காகவே தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமை தாங்காமல்தான் அந்த ஆண்டு வாரியங்களுக்கு வழி செய்தார்கள். உறுப்பினர்கள் சீருடைக்காரர்கள் அல்ல, துறையின் சிவிலியன்கள். 'டிடி 149' என்ற படிவத்தில் விண்ணப்பம். பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. தவறு தெரிந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நியாயம் இருப்பதாகக் கருதினால் அந்தக் கெடுவை வாரியமே தளர்த்தலாம். தாமதமாகிவிட்டதே என்று ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. 'அரசாங்கப் பதிவு சரியாகத்தான் இருக்கும்' என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்கும். இல்லை என்று காட்டுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. எவையெல்லாம் உதவும்? பயண உத்தரவு. போர் அபாயப்படி வாங்கிய சம்பளச் சீட்டு. வியட்நாமில் அது மாதம் 65 டாலர். கப்பலின் அன்றாடப் பதிவேடு. கூட இருந்தவரின் வாக்குமூலம். பின்னால் தேதி எழுதிய புகைப்படம்.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தின் உறைகூட உதவும். வியட்நாமிலிருந்து எழுதும் வீரருக்குத் தபால்தலை வேண்டாம். ஒட்டும் இடத்தில் 'இலவசம்' என்று கையால் எழுதினால் போதும். உறையில் ராணுவ அஞ்சல் எண்ணும் முத்திரைத் தேதியும் இருக்கும். அந்த எண்ணை வைத்து எந்த முகாம் என்று கண்டுபிடித்துவிடலாம். கடிதத்தைப் பத்திரப்படுத்தி உறையைக் குப்பையில் போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாலின் கானரின் 22 ஆண்டுகள்

விடாப்பிடி என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெயரைச் சொல்வார்கள். கென்டக்கி மாநிலத்தின் அல்பனி என்ற சிற்றூரைச் சேர்ந்த பாலின் கானர்.

அவருடைய கணவர் கார்லின் கானர் இரண்டாம் உலகப் போரில் மூன்றாவது காலாட்படை டிவிஷனில் இருந்தவர். இடுப்புக் காயத்தோடு மருத்துவமனையில் இருந்தவர், சொல்லாமல் கிளம்பித் தன் பிரிவுக்கே திரும்பினார். 1945 ஜனவரி 24, பிரான்ஸின் ஹூசென் ஊர் அருகே ஜெர்மன் படை பெரும் பலத்தோடு வந்தது. கானர் தொலைபேசிக் கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டு தன் ஆட்களுக்கும் முன்னால் போய், ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் படுத்தார். மூன்று மணி நேரம் அங்கிருந்தபடியே பீரங்கிகளுக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். எதிரி நெருங்கி வந்ததும், தான் படுத்திருந்த இடத்தின் மேலேயே குண்டு போடச் சொன்னார். தாக்குதல் முறிந்தது.

அதற்கு இரண்டாவது உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அவர் நான்கு 'சில்வர் ஸ்டார்' பெற்றவர். ஊருக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், விவசாயம் பார்த்தார். போரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

1996-ல் ஒரு முன்னாள் சிறப்புப் படை வீரர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். போரில் இறந்த தன் மாமாவைப் பற்றி கானருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான் வந்தார். கானர் அப்போது பார்க்கின்சன் நோயில் இருந்தார். பாலின் உள்ளே போய்க் கணவரின் பழைய ராணுவப் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் இருந்த தாள்களையும் பதக்கங்களையும் பார்த்த விருந்தாளி அசந்துபோனார். இவருக்கு மிக உயர்ந்த பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' அல்லவா கிடைத்திருக்க வேண்டும்!

விண்ணப்பம் போனது. 1997-ல் வாரியம் மறுத்தது. 1998-ல் கானர் இறந்தார். 2000-ல் மறுபடி மறுப்பு. நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலங்களைப் புதிதாகத் தேடிப் பிடித்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2014-ல் நீதிபதி, தொழில்நுட்பக் காரணத்தால், அதாவது காலம் கடந்துவிட்டது என்பதால் கையை விரித்தார். பாலின் மேல்முறையீடு செய்தார். பேச்சுவார்த்தை நடந்தது. 2015-ல் வாரியம் ஏற்றுக்கொண்டது. 2018 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் கணவரின் பதக்கத்தைப் பாலின் கையில் வாங்கினார்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. வீரத்துக்குச் சாட்சியாக இருந்தவர்கள் உயிரோடு இருந்ததால்தான் வழக்கு உயிரோடு இருந்தது.

ஏன் இவ்வளவு கறார்?

ஒரு முதியவர் 'நான் போனேன்' என்றால் நம்பிவிட்டால் என்ன என்று தோன்றும். எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போகாதவர்கள் போனதாகச் சொல்வதும், வாங்காத பதக்கத்தைக் குத்திக்கொண்டு மேடையேறுவதும் அங்கே பெரிய தொல்லை. இப்படிப் பொய் சொல்வதையே குற்றமாக்கி 2006-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பொய்யும் பேச்சுரிமைக்குள் வருகிறது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிறகு 2013-ல், பொய்யைச் சொல்லிப் பணமோ பலனோ அடைந்தால் குற்றம் என்று மாற்றி எழுதினார்கள்.

பொய்யர்களைத் தடுக்கப் போட்ட வேலி, உண்மையானவர்களின் வழியையும் மறிக்கிறது. பொய் சொல்பவர் கதையை அழகாகச் சொல்வார். உண்மையில் போனவர், கானரைப் போல, பேசவே மாட்டார். பேசாதவருக்குத்தான் காகிதம் அதிகம் தேவைப்படுகிறது.

கால் லட்சம் அல்ல, இரண்டரை லட்சம் பேர்

காகிதம் கைவிட்ட கதையில் பிலிப்பைன்ஸ்காரர்களின் கதை தனி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானை எதிர்த்துப் போராடியவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு முன்னாள் வீரர்களுக்கான பலன்கள் கிடையாது என்று 1946-ல் சட்டம் போட்டார்கள். 63 ஆண்டுகள் கழித்து, 2009-ல், ஒரே தவணையாக ஒரு தொகை தர முடிவானது. அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000.

பல முதியவர்கள் கைத்தடியோடு வந்து விண்ணப்பித்தார்கள். காட்டுக்குள் மறைந்திருந்து சண்டை போட்டவர்களின் பெயர், போருக்குப் பின் தயாரான பட்டியல்களில் இருக்க வேண்டும் என்றது அரசு. இல்லாதவர்களுக்கு மறுப்புக் கடிதம் போனது. பிலிப்பைன்ஸ் அரசு கொடுத்த சான்று இருந்தும் பலருக்குப் பயனில்லை. தொண்ணூறு வயதில் ஒருவர் எந்தச் சாட்சியைத் தேடிப் போவார்?

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் இந்த வேலையில் கைகொடுக்க மாவட்ட அளவில் அலுவலர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கன் லீஜியன், மாற்றுத்திறனாளி முன்னாள் வீரர்கள் சங்கம் போன்ற அமைப்புகளும் பணம் வாங்காமல் உதவுகின்றன. 2022 சட்டத்துக்குப் பிறகு, 'பாதியைக் கொடு, வாங்கித் தருகிறேன்' என்று தொலைபேசியில் வருபவர்களும் பெருகிவிட்டார்கள். அரசின் அங்கீகாரம் இல்லாதவரிடம் தாளைக் கொடுக்கக் கூடாது. டிடி 214-ல் பிறந்த தேதி உட்பட எல்லாம் இருக்கும். திருடனுக்கு அது ஒரு விருந்து.

இப்போது பணியிலிருந்து வெளியேறுபவர்களுக்குக் கையெழுத்து போடுமுன் வரைவைச் சரிபார்க்க வாய்ப்பு தருகிறார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். தாத்தாவின் தாளை எடுத்து வைத்து, அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்ட வேண்டும். 'இந்த ஆறு மாதம் எங்கே இருந்தீங்க? கூட யார் இருந்தாங்க? அவர் இப்போ எங்கே?' இந்த மூன்று கேள்விகள் போதும். பதில்களைப் பேரப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டு, தாத்தாவிடம் கையெழுத்து வாங்கலாம். கூட இருந்தவரின் விலாசம் கிடைத்தால் அன்றைக்கே ஒரு போன் போடலாம். வாரியத்தின் முடிவு வர ஒன்றரை வருடம்கூட ஆகும். அந்த நண்பருக்கும் எண்பது வயது.